யாரும் ஏறாத நிறுத்தம்

அத்தியாயம் நான்கு

டீசல் திருடனைக் காட்டுகிறேன் என்று கூப்பிட்டுவிட்டு, அமலா காட்டியது புள்ளிகளை.

சுவர் அகலத்துக்கு ஒரு திரை. அதில் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி ஒரகடம் தாண்டி ரோடுகள், ஏரிகள், கம்பெனி கேட்டுகள். நடுவே நீலமும் ஆரஞ்சுமாய் ஊர்ந்துகொண்டிருந்தன நானூற்றுப் பன்னிரண்டு ஷிப்ட் பஸ்கள்.

“எங்க ஊட்ல அம்மை வாத்தப்பகூட இவ்ளோ புள்ளி வரல சார்,” என்றாள் கிளியம்மாள்.

துப்பறியும் தளவாய் சிரிக்கவில்லை. சங்கரன்கோவில் பக்கத்து ஆள். வண்டி இன்சூரன்ஸ் மோசடிகளைப் பிடித்துப் பிடித்தே முகம் இறுகிப்போனவர். கிளியம்மாள் அதற்கு நேர்மாறு. பன்னிரண்டு வருடம் செல்போன் பாகம் செய்யும் லைனில் நின்று கால் வீங்கி, “இனி வாயால பொழைச்சுக்கறேன்” என்று இவரிடம் உதவியாளராக வந்தவள். வாய் அவளைக் கைவிட்டதில்லை. இன்றைக்கு மதியம் வரை.

“நீலம் எங்க கம்ப்யூட்டர் ஓட்டற பஸ். ஆரஞ்சு ரோட்டுல நிஜமா ஓடறது,” என்றாள் அமலா. இருங்காட்டுக்கோட்டையில் மூன்றாம் மாடியில் இருக்கிற ‘நகல்வெளி சிஸ்டம்ஸ்’ கம்பெனியின் மாடல் எஞ்சினியர். முப்பது வயதுக்குள், தூக்கம் கெட்ட கண்கள். “கூட்டம், சிக்னல், மழை, ஷிப்ட் நேரம் எல்லாத்தையும் உள்ள போட்டு முதல்ல இந்த மாடல்ல ஓட்டிப் பார்ப்போம். இங்க நெரிசல் இல்லாம ஓடினா, அதே டைமிங்க ரோட்டுல ஓட்டறவங்களுக்குக் குடுப்போம். ஜூன் மாசத்துலேர்ந்து குடுத்துட்டோம்.”

“அப்ப ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு நெழல் கீது. எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடும்மா. அத வேலைக்கு அனுப்பிட்டு நான் வூட்ல தூங்கறேன்.”

“திருட்ட சொல்லுங்கம்மா,” என்றார் தளவாய்.

அமலா ஒரு ஆரஞ்சுப் புள்ளியைப் பெரிதாக்கினாள். பதினேழாம் நம்பர் பஸ். டிரைவர் நடேசன். இடம் வடக்குப்பட்டு வளைவு.

“எல்லா நிறுத்தத்துலயும் இருபது செகண்ட்தான் கணக்கு. டிரைவர் முன்னாடி ஒரு பெட்டி இருக்கும், இருபது ஆனதும் கத்தும். இவர் மட்டும் இங்க ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட் நிக்கறார். மதிய டிரிப்ல மட்டும், அதுவும் சில நாள் மட்டும். யாரும் ஏறறதில்ல. ஏறினா கார்டு தட்டுவாங்க, எனக்குத் தெரிஞ்சிடும். டிரான்ஸ்போர்ட் மேனேஜர் ஸ்ரீதர் சார், டீசல் எடுக்கறான்னு சொல்றார். சாயங்காலம் அஞ்சுக்குள்ள நான் எழுதிக் குடுக்கணும்.”

“எழுதினா?”

“நாளைலேர்ந்து நடேசனுக்கு வண்டி கிடையாது. எந்தக் கம்பெனியிலயும்.”

“எழுதாட்டி?”

“பஸ் சரி, மாடல் தப்புன்னு ஆயிடும். நாற்பது கம்பெனி கையெழுத்துப் போடக் காத்திருக்கு சார்.” கொஞ்சம் ரோஷத்தோடு சேர்த்துக்கொண்டாள்: “மாடல் தப்பா இருக்க முடியாது. பழைய ஓட்டத்துல இந்த மாதிரி வீண் நிற்றல் ஆயிரத்து நூத்து நாற்பது இருந்தது. எல்லாத்தையும் நானே துடைச்சு எடுத்தேன். புது டைமிங் ஆரம்பிச்ச அன்னிக்கு, ஜூன் ஒன்பது, திங்கக்கிழமை, இதே நடேசன் இதே வளைவுல கரெக்டா இருபது செகண்ட்ல கிளம்பியிருக்கார். மறுநாள்தான் புத்தி மாறிடுச்சு.”

“கம்ப்யூட்டருக்கு ஒண்ணுக்குப் போற வேலை கெடையாது. அதான் இருபது செகண்ட் போதும்ன்னுது,” என்றாள் கிளியம்மாள்.

*

மதியம் ஒரு மணி. வடக்குப்பட்டு வளைவில் வெயில் மண்டையைப் பிளந்தது. ஊருக்குள்ளிருந்து வரும் தெரு அந்த வளைவில் முடிந்து, இருநூறு அடி தள்ளி ஆறு வழிச் சாலையில் சேர்கிறது. மோர் வண்டிக்காரரிடம் ஆளுக்கொரு தம்ளர் வாங்கிக்கொண்டு இருவரும் வேப்பமர நிழலில் ஒதுங்கினார்கள்.

ஒன்று ஏழுக்குப் பதினேழாம் நம்பர் வந்து நின்றது. முன்கதவு புஸ்ஸென்று திறந்தது. ஏறுவதற்கு ஒரு குருவிகூட இல்லை.

டிரைவர் இறங்கவில்லை, எஞ்சினை அணைக்கவில்லை. ஐம்பதைத் தாண்டிய, நரைத்த மீசைக்காரர் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பக்கக் கண்ணாடியில் ஊர்த்தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் இருந்த பெட்டி கத்த ஆரம்பித்தது. கத்திக்கொண்டே இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு நிமிடம் பத்து நொடி கழித்துக் கதவு மூடியது. பஸ் போய்விட்டது.

பஸ் நின்ற இடத்தில் கிளியம்மாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தாள்.

“டீசல் ஒரு தரம் மண்ணுல எறங்கிச்சுன்னா மழை பேஞ்சாலும் நாத்தம் போவாது. இது சுத்தமான புழுதி சார். இதுக்கா இவ்ளோ பெரிய டிவி வச்சிகினு ஒக்காந்துகினு கீறாங்க?”

“டீசல் எடுக்கவன் எஞ்சினை அணைப்பான். முன்கதவத் தொறக்க மாட்டான்,” என்றார் தளவாய். “கதவத் தொறக்கான்னா, யாரோ ஏறணும்னு தொறக்கான். வேற என்ன பாத்திய?”

கிளியம்மாள் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். அவள் முகத்தில் முதல்முறையாகக் கிண்டல் குறைந்தது.

“பஸ்ல அம்பது பேர் கீறாங்க. ரெண்டு நிமிஷம் லேட்டுன்னா பஞ்ச் லேட்டு, சூப்பர்வைசர்கிட்ட பாட்டு. எங்க காலத்துல அர நிமிஷம் நின்னா போதும், சீட்ட தட்டித் தட்டி டிரைவர் மானத்த வாங்கிடுவோம். இதுல ஒருத்தர் வாயத் தொறக்கல சார். அதுமட்டுமா, பின்னாடி பொண்ணுங்க ரெண்டு பேர் நின்னுகினு வராங்க. மொத வரிசையில ஜன்னலோரம் ஒரு சீட்டு காலியா கீது. குந்தல.”

தளவாய் அமலாவுக்குப் போன் போட்டு, பஸ் நின்ற தேதிகளைக் கேட்டார். அவள் சொல்லச் சொல்ல, கிளியம்மாள் மோர் தம்ளர் வைத்த பலகையில் சாக்பீஸால் எழுதினாள். ஜூன் பத்திலிருந்து ஐந்து நாட்கள். பிறகு இரண்டு வாரம் ஒன்றுமில்லை. அடுத்து ஆறு நாள் வரிசையாக. மறுபடி இரண்டு வாரம் சும்மா. அக்டோபர் வரை அப்படியே, கடிகாரம் மாதிரி. முதல் வாரம் மட்டும் ஒரு நாள் குறைந்திருந்தது, திங்கட்கிழமை இல்லை.

“மூணு வாரத்துக்கு ஒருக்கத் திருடுத திருடன நான் பார்த்ததில்ல,” என்றார் தளவாய்.

கிளியம்மாளுக்குப் பொறி தட்டியது. “திருடன் இல்ல சார், பேட்ச்! கம்பெனியில ஏ, பி, சின்னு மூணு பேட்ச். வாரம் ஒரு பேட்ச் மதிய ஷிப்ட்டுக்கு வரும். டிரைவர் அதே ஆளு, பஸ் அதே பஸ், உள்ள ஒக்கார்ற ஜனந்தான் மாறும். இவரு ஒரே ஒரு பேட்ச்சுக்குத்தான் நிக்கிறாரு. யம்மா அமலா, இந்த வாரம் எந்தப் பேட்ச்?”

“சி,” என்றது போன்.

“சி பேட்ச்ல இந்த வளைவுல ஏறுறவங்க யாரு?”

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. “யாரும் இல்லக்கா. முன்னாடி ஒரு கார்டு இருந்திருக்கு. சத்யப்பிரியா, வயசு இருபத்து மூணு. ஜூன் ஏழுக்கு அப்புறம் தட்டல. பேருக்கு நேரா ‘அப்ஸ்காண்ட்’னு இருக்கு.”

மூன்று நாள் சொல்லாமல் வராதவர்களுக்கெல்லாம் கம்பெனி குத்துகிற முத்திரை அது. ஊருக்கு ஓடினவர்களுக்கும், வேறு வேலை கிடைத்தவர்களுக்கும், காதலித்துக் கல்யாணம் கட்டிக்கொண்டவர்களுக்கும் அதே முத்திரைதான்.

தளவாய் தம்ளரைக் கீழே வைத்தார். “ஒரு பொண்ணு காணாம போயிருக்கு. அதுக்கு மறுவாரமே ஒரு டிரைவர் அவ நிக்க இடத்துல நின்னு, தெருவையே பாக்கான். கிளியம்மா, இது டீசல விட மோசமா இருக்கும்னு மனசு சொல்லுது. அவ வீடு எங்கன்னு கேளுங்க.”

மோர் வண்டிக்காரர் கைகாட்டினார். வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே கிளியம்மாள் யோசித்திருக்க வேண்டும்.

*

ஓடு வேய்ந்த சின்ன வீடு. கதவு திறந்தே இருந்தது. முன்னறைக் கட்டிலில் ஒருவர் மல்லாந்து படுத்திருந்தார். இடது கையும் காலும் விளங்காமல் கிடந்தன. பக்கத்தில் கம்பெனி கேன்டீன் உடுப்போடு ஒரு அம்மாள் அவருக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தார்.

சத்யப்பிரியாவைத் தேடி வந்திருக்கிறோம் என்று தளவாய் தொடங்கினார். கிளியம்மாள் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். சுவரில் சிலுவைக்குக் கீழே ஒரு போட்டோ மாட்டியிருந்தது. கம்பெனி அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம், அட்டையின் நூல்கூடத் தெரிந்தது. அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் பூச்சரம்.

“தேட வேணாம்யா,” என்றார் அந்த அம்மாள், சத்யப்பிரியாவின் தாய் ஞானம்மா. “கல்லறைத் தோட்டத்துல கீறா. ஜூன் ஒம்போதாந்தேதி.”

தளவாயின் கை தானாகச் சட்டைப்பையிலிருந்த நோட்டை உள்ளே தள்ளியது.

“கம்பெனிக்குத் தெரியாதாம்மா?” கிளியம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

ஞானம்மா பைபிளுக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். ‘தாங்கள் முன்னறிவிப்பின்றிப் பணிக்கு வராதது குறித்து ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.’ விலாசத்தில் சத்யப்பிரியா பெயர். தேதி ஜூன் பதினெட்டு.

“புள்ள செத்ததுக்கு நான் போய் யாராண்ட எழுதிக் குடுக்கறது? எனக்கு எழுத வராது. இவரு கை ரெண்டு வருஷமா இப்படி. அவதான் எழுதுவா.”

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவரே சொன்னார், யாரும் கேட்காமலே. கேட்க ஆள் வராதா என்று காத்திருந்தவர் மாதிரி.

“இவர தனியா உட முடியாது, பொரை ஏறிக்கும். எனக்கு கேன்டீன்ல காலைல வேலை. கம்பெனி வேன் என்னிய ஒண்ணு அஞ்சுக்குள்ள ஊர்ல எறக்கும். முன்ன பின்ன ஆவும். அவளுக்கு மதிய ஷிப்ட் வர்ற வாரம், நான் வாசப்படி ஏறுனாதான் அவ எறங்குவா. ‘பஸ்ஸு போயிடப் போவுதுடி’ம்பேன். ‘நடேசன் அண்ணன் நிப்பாரும்மா’ன்னு சிரிச்சிகினே ஓடுவா. அன்னிக்கும் அதத்தான் சொல்லிட்டு ஓடுனா.”

“பஸ் நிக்கல,” என்றார் தளவாய்.

“நிக்கல. ஷேர் ஆட்டோ பிடிக்க ரோட்டத் தாண்டியிருக்கா. லாரி.” ஞானம்மா முந்தானையால் கணவரின் வாயைத் துடைத்தார். “நான் யாரயும் குத்தம் சொல்லலயா. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். ரெண்டு வருஷமா நின்ன பஸ்ஸு, அன்னிக்கு மட்டும் ஏன் நிக்கல? என் வேன் லேட்டா வந்ததாலயா? அப்படின்னா அப்படின்னு சொல்லிடுங்க.”

கட்டிலில் கிடந்தவரின் வலது கண்ணிலிருந்து மட்டும் நீர் இறங்கியது.  கிளியம்மாளுக்குத் தேடிப் பார்த்தும் ஒரு சொல் கிடைக்கவில்லை.

*

மூன்றரை மணிக்குக் கம்பெனி ஷெட்டில், பஸ்ஸின் படியில் உட்கார்ந்து நடேசன் டீ குடித்துக்கொண்டிருந்தார். தளவாய் தன் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

“டீசல் கேஸா சார்? எழுதிக்குங்க. நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல.”

“ஞானம்மா வீட்டுக்குப் போயிட்டுத்தான் வாரோம்,” என்றார் தளவாய்.

நடேசன் மறுபடி உட்கார்ந்தார்.

“அன்னிக்கு மொத நாளு சார் அந்தப் பெட்டி மாட்டுனது. இருபது செகண்ட் தாண்டினா கத்தும், செவப்பு உழும். மூணு செவப்பு உழுந்தா வண்டிய புடுங்கிடுவோம்னு மீட்டிங் போட்டுச் சொன்னாங்க. என் பொண்ணுக்கு நிச்சயம் ஆன நேரம். பெட்டி கத்துச்சு. நான் கியர போட்டேன்.” “கண்ணாடில பார்த்தேன் சார். கைய தூக்கினு ஓடியாறா. பாத்துட்டுத்தான் போனேன்.”

ஷெட்டில் வேறொரு பஸ் ரிவர்ஸ் எடுத்தது.

“மறுநாள்லேர்ந்து அந்தப் பேட்ச் வர்ற வாரம் நிக்கிறேன். எனக்கு இப்ப செவப்புல பயம் இல்ல. இப்ப பயப்பட்டு இன்னா ஆவப்போவுது? பஸ்ல கீற புள்ளைங்களுக்கெல்லாம் தெரியும். அவ சீட்ல யாரும் குந்த மாட்டாங்க. வெளிய சொன்னா பைத்தியம்பாங்க. செத்த பொண்ணுக்கு வண்டிய நிறுத்தறேன்னு நான் ஸ்ரீதர் சாராண்ட சொல்ல முடியுமா?”

“யாருய்யா இந்த இருபது செகண்ட கண்டுபிடிச்சது?” கோபத்தில் வெடித்தாள் கிளியம்மாள். கேட்டு முடிக்கும் முன்பே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. தளவாய் முகத்தைப் பார்த்தாள். அவருக்கு அது எப்போதோ தெரிந்திருந்தது.

*

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அமலாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள். தளவாய் சுருக்கமாகத்தான் சொன்னார். ஒரு இடத்திலும் ‘நீ’ என்று சொல்லவில்லை.

அமலா பழைய கோப்பைத் திறந்தாள். துடைத்து எடுத்த ஆயிரத்து நூற்று நாற்பது வீண் நிற்றல்கள். தேடினாள். எழுநூற்றுப் பதின்மூன்றாவது வரி: பஸ் பதினேழு, வடக்குப்பட்டு வளைவு, இரண்டு நிமிடம் பத்து நொடி, மூன்று வாரத்துக்கு ஒரு வாரம். காரணம் என்ற கட்டத்தில் ‘டிரைவர் அலட்சியம்’. நீக்கியவர் கட்டத்தில் அவள் பெயர்.

“ஞானம்மா வந்த வேன்கூட இதுல ஒரு புள்ளிதான் சார்,” என்றாள். “கேன்டீன் வேன், நம்பர் இருநூத்து ஆறு. ரெண்டு புள்ளியையும் தினம் பார்த்திருக்கேன். ஒண்ணு வந்தாத்தான் இன்னொண்ணு கிளம்ப முடியும்னு எனக்குத் தெரியல. யாரையாவது கேட்டிருக்கலாம். ஒரு போன். நடேசன்கிட்ட ஒரு போன் போட்டிருந்தா சொல்லியிருப்பாரு.”

போன் அடித்தது. ஸ்ரீதர். அமலா ஸ்பீக்கரில் போட்டாள்.

“என்னம்மா, டீசல்தானே? எழுதிட்டியா?”

“இல்ல சார். வண்டி சரியா ஓடுது. மாடல்தான் தப்பு. தப்புப் பண்ணது நான். மெயில்ல காரணத்தோட அனுப்பறேன், நாற்பது கம்பெனிக்கும்.” அந்தப் பக்கம் ஸ்ரீதர் ஏதோ கத்தினார். அவள் போனைத் திருப்பி வைத்துவிட்டுத் தளவாயைப் பார்த்தாள். “மீதி ஆயிரத்து நூத்து முப்பத்தொன்பது இடத்துலயும் யாரோ இருப்பாங்க இல்ல சார்?”

“இருப்பாங்க,” என்றார் தளவாய்.

அன்று மாலையே அவள் அந்த ஓட்டு வீட்டுக்குப் போனாள். கிளியம்மாளும் கூடப் போனாள். உங்கள் வேன் தாமதமானது காரணம் இல்லை, நான் போட்ட கணக்குதான் காரணம் என்று வாசலில் நின்றபடியே சொன்னாள் அமலா. நடேசன் இன்னமும் நிற்கிறார் என்பதையும் சொன்னாள். ஞானம்மா திட்டவில்லை. சாபம் விடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலாம் என்று வழியெல்லாம் அழுதாள் அந்தப் பெண்.

*

மறுநாள் வியாழக்கிழமை. சி பேட்ச்சின் மதிய ஷிப்ட். வளைவில் மூவரும் நின்றார்கள். அமலா கையில் ஒரு டேப்லெட். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அந்த இரண்டு நிமிடம் பத்து நொடியை மாடலிலும் நடேசனின் பெட்டியிலும் திரும்ப வைத்திருந்தாள். இன்றைக்கு நீலமும் ஆரஞ்சும் சேர்ந்து நிற்கும், சேர்ந்து கிளம்பும்.

ஒன்று ஏழு. பதினேழாம் நம்பர் வந்தது. கதவு திறந்தது. நடேசன் கண்ணாடியில் தெருவைப் பார்த்தார். பார்த்த முகம் அப்படியே உறைந்தது.

தெருவில் ஞானம்மா வந்துகொண்டிருந்தார். வேன் இன்றைக்குச் சீக்கிரமாகவே கொண்டுவந்து விட்டிருந்தது. உடுப்பைக்கூட மாற்றாமல், வேகுவேகென்று நடந்து வந்து, பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைப் படியில் வைத்தார். உள்ளே காலியாக இருந்த ஜன்னலோரத்து சீட்டைப் பார்த்தார்.

“அண்ணா,” என்றார். “கெளம்பு. இந்தப் புள்ளைங்களுக்கு லேட்டாவுது பாரு.”

நடேசன் கியரில் கை வைத்தார், போடவில்லை.

“நீ இத்தினி நாளு நின்னது அவளுக்குத் தெரியும். கெளம்புண்ணா. அவ இனிமே வரமாட்டா.”

படியிலிருந்து காலை எடுத்தார். பின்னாலிருந்து ஒரு பெண் தேம்பி அழும் சத்தம் கேட்டது. கதவு மூடியது. பஸ் வளைவைத் தாண்டி, மெயின் ரோட்டில் சேர்ந்து மறைந்தது. பெட்டி ஒருமுறைகூடக் கத்தவில்லை.

அமலாவின் கையிலிருந்த டேப்லெட்டில் ஆரஞ்சுப் புள்ளி ஒரகடம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. நீலப் புள்ளி மட்டும் வளைவிலேயே நின்றது. அவள் அவசரமாக அதை அணைக்கப் போனாள்.

“இரு,” என்றார் ஞானம்மா. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையருகே குனிந்தார். “அது இன்னாம்மா, போவாம அங்கியே நிக்கிது?”

கிளியம்மாள் அமலாவைப் பார்த்தாள்.

“அது உங்க பொண்ணோட பஸ்மா,” என்றாள் அமலா. “இன்னும் ஒண்ணரை நிமிஷம் நிக்கும்.”

நால்வரும் வெயிலில் நின்று, அது கிளம்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.